நாற்பத்துநான்கு முழக் கம்பி

தூரத்தை வெல்வதற்குப் பெரும் பொருளும் பெருங் கருவிகளும் வேண்டும் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உலகின் மறுகோடியிலுள்ள ஒருவரோடு உரையாட வேண்டுமாயின் விண்ணிலே செய்மதி சுற்ற வேண்டும். மண்ணிலே கோபுரம் நிற்க வேண்டும். மாதந்தோறும் கட்டணமுஞ் செலுத்த வேண்டும். இவ்வாறு எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, மாமரத்திலே கட்டிய வெறுங் கம்பியொன்று கடல் கடந்து பேசும் என்று எவரேனும் கூறினால் அது வேடிக்கைப் பேச்சாகவே தோன்றும். ஆனால் அது பௌதிகம் படிக்கும் மாணவன் கணக்கிட்டுப் பார்க்கத்தக்க உண்மையாகும்.

ஊதியங் கருதாமலும் வாணிகங் கருதாமலும், கற்றல் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு, அரசாங்கத்தின் அனுமதியோடு வானொலி நிலையமொன்றைத் தம் வீட்டிலே அமைத்து, அதுபோன்ற பிறரோடு உரையாடுபவர்கள் உலகெங்கும் உள்ளனர். அமெச்சூர் வானொலியாளர் என்பது அவர்களுக்குப் பெயர். ‘ஹாம்’ என்று செல்லமாகவும் அழைப்பர். இலங்கையின் அமெச்சூர் நிலையங்கள் ‘4எஸ்7’ என்று தொடங்கும் அழைப்புக் குறியைத் தாங்கியுள்ளன. வானிலே அந்த மூன்று எழுத்துகளைக் கேட்ட மாத்திரத்தே, பேசுபவர் எந்த நாட்டவர் என்பதை உலகிலுள்ள ஏனைய வானொலியாளர் அறிந்துகொள்வர். அக்கூட்டத்திலே நானும் ஒருவனாகச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பகலிற் கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பதும், மாலையிலே அப்பௌதிகத்தை முற்றத்திற் பரீட்சித்துப் பார்ப்பதும் என் வழக்கமாயின.

இரண்டு பரப்புக் காணியில்

வானொலி நிலையத்திற்குப் பேசும் கருவி வாய் என்றால், ஏரியல் என்று நாம் வழங்கும் வானலைக் கம்பியே அதன் குரலும் செவியும் ஆகும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாயினும் கம்பி நன்றாக அமையாவிடின் அது ஊமையே. நூல்களிலே முதலாவதாகச் சொல்லப்படும் ஏரியல் இருமுனைக் கம்பி. அரை அலைநீளமுள்ள கம்பியை நடுவிலே வெட்டி, அந்த நடுவிடத்திலே மின்சக்தியை ஊட்டுவது அதன் முறை. அது மிகச் சிறந்ததே. ஆனால் நடுவிடத்திலிருந்து கனத்த ஊட்டு வடம் ஒன்று கீழே தொங்கவேண்டும்.

என்னுடையது இரண்டு பரப்புக் காணி. ஒரு கரையிலே வீடு. மறு கரையிலே அப்புவின் காலத்து மாமரம். இடையிலே கிணறும் துணி காயவிடும் கொடியும். நடுமுற்றத்திலே வடம் தொங்கினால் தண்ணீர் அள்ளுபவரின் தலையிற் படும். இந்நிலையிலுள்ளவர்க்கெனவே ஏற்பட்டது போன்றது நுனியில் ஊட்டும் கம்பி. வீட்டுக் கூரையின் ஓரத்திலே ஒரு நுனி. மாமரக் கிளையிலே மறு நுனி. சக்தியை வீட்டுப் பக்கத்து நுனியிலேயே கொடுத்துவிடலாம். நடுவிலே எதுவும் தொங்குவதில்லை.

இம்முறை புதியதன்று. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் தேதி, நியூபவுண்லாந்திலே மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தபோது அவருடைய ஏரியலாக இருந்தது யாது? பட்டத்திலே கட்டிப் பறக்கவிட்ட ஏறக்குறைய 150 மீற்றர் நீளமான கம்பியே. பட்டத்தின் நடுவிலே வடம் கட்ட இயலுமோ? கீழ் நுனியிலேதான் கருவியை இணைக்க இயன்றது. பின்னர் ஜேர்மனியர் ஆகாயக் கப்பல்களைப் பறக்கவிட்ட காலத்திலே, கப்பலின் கீழே தொங்கும் கம்பிக்கு மேல் நுனியிலிருந்து சக்தியூட்டும் உபாயமொன்றுக்கு ஹான்ஸ் பெக்கரோ என்பவர் 1909இற் காப்புரிமை பெற்றார். அக்கப்பல்களின் பெயரையொட்டி அது இன்றும் ‘செப்பலின்’ ஏரியல் எனப்படுகின்றது. 1927இல் ஒஸ்திரிய நாட்டு அமெச்சூர் வானொலியாளரான யோசெப் பூக்ஸ், அரை அலைக் கம்பியின் நுனியை இசைவித்த சுற்றொன்றோடு நேராகவே இணைக்கும் வழியைக் கண்டார். இன்று நாம் சிறு பெட்டியொன்றிலே அடக்கி வைத்திருப்பது அவர் வழியின் வழித்தோன்றலே.

ஊஞ்சலும் துலாவும்

இனி, நுனியில் ஊட்டுவதிலே உள்ள சிக்கலைப் பார்ப்போம். எங்கள் கல்லூரியின் விஞ்ஞானக் கழகத்திலே இதைப் பற்றி நான் பேசியபோது ஒரு மாணவன் எழுந்து, “சேர், கம்பியின்ர நுனியில மின்னோட்டம் இல்லையெண்டு நீங்களே படிப்பிச்சிருக்கிறியள். ஓட்டமில்லாத இடத்தால சக்தி எப்பிடி உள்ளுக்குப் போகும்?” என்று கேட்டான். கேள்வி மிக நல்ல கேள்வி. நுனியில் ஊட்டும் கம்பியின் இரகசியம் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

வீணையின் தந்தியை மீட்டினால் நடுவிடம் மிகுதியாக அசைகின்றது. கட்டப்பட்ட இரு நுனிகளும் அசைவதில்லை. அரை அலைக் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் அவ்வாறே: நடுவிலே உச்சம், நுனிகளிலே ஏறக்குறையச் சூனியம். ஆனால் மின்னழுத்தமோ இதற்கு மறுதலையாக, நடுவிலே குறைந்தும் நுனிகளிலே உயர்ந்தும் நிற்கும். ஓட்டமும் அழுத்தமும் கொள்ளும் விகிதத்தையே தடங்கல் என்கிறோம். நடுவிடத்திலே அது திறந்த வெளியில் 73 ஓம் அளவு. நுனியிலோ சில ஆயிரம் ஓம்.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். பலகையைப் பிடித்துத் தள்ளுபவர் சிறு விசையோடு நெடுந்தூரம் தள்ளுகிறார். மேலே வளைக்கு அண்மையிலே கயிற்றைப் பிடித்துத் தள்ளுபவர் பெரு விசையோடு சிறு தூரமே தள்ளுகிறார். இருவராலும் ஊஞ்சலை ஆட்ட முடியும். இருவரும் கொடுக்கும் சக்தியும் ஒன்றே. அதுபோல, நடுவிலே மிகுந்த ஓட்டத்தையும் சிறு அழுத்தத்தையும் கொண்டு செய்யும் காரியத்தை, நுனியிலே சிறு ஓட்டத்தையும் மிகுந்த அழுத்தத்தையும் கொண்டு செய்யலாம். நுனியில் ஓட்டம் முற்றாக இல்லாதுபோவதில்லை. மிகச் சிறிதாக இருக்கின்றது. அச்சிறிதே போதுமானது.

ஆனால் நமது வானொலிக் கருவிகள் 50 ஓம் தடங்கலுக்கென அமைந்தவை. ஐம்பதை ஆயிரங்களோடு நேராகப் பொருத்தினால் சக்தியிற் பெரும்பகுதி திரும்பிக் கருவிக்கே வந்துவிடும். இவ்விடத்திலேதான் நிலைமாற்றி துணைக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளிலே முன்னாளில் ஆடிய துலாவைப் பெரியோர் அறிவர். குறுங்கை சிறிது தாழ நெடுங்கை வெகுதூரம் உயரும். குறுங்கையிலே விசை மிகுதி, நெடுங்கையிலே அசைவு மிகுதி. நிலைமாற்றி மின்சாரத்தின் துலா. பெரைற்று வளையம் ஒன்றிலே முதற் சுருளாக 2 சுற்றும், இரண்டாஞ் சுருளாக 14 சுற்றும் சுற்றினால் அழுத்தம் 7 மடங்காகும், ஓட்டம் ஏழிலொன்றாகும், ஆகவே தடங்கல் 7இன் வர்க்கமாகிய 49 மடங்காகும். 50ஐ 49ஆற் பெருக்க 2450 ஓம் வருகின்றது. கம்பியின் நுனி வேண்டி நிற்பதும் ஏறக்குறைய அதுவே.

கம்பியின் நீளத்தையும் கணக்கிடுவோம். 7.1 மெகாஹேட்ஸ் மீடிறனில் அலைநீளம் 300ஐ 7.1ஆற் பிரிக்க வரும் 42 மீற்றர் சொச்சம். அதிற் பாதி 21 மீற்றர் சொச்சம். கம்பியில் ஏற்படும் நுனி விளைவு காரணமாக நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 20.1 மீற்றர் ஆகின்றது. என் தாயார் அதை முழம் போட்டு அளந்தால் 44 முழம். முதலில் 21 மீற்றர் வைத்துக் கட்டி, அளவுமானியைப் பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்துவர வேண்டும். 10 சென்ரிமீற்றர் வெட்டினால் இசையும் மீடிறன் ஏறக்குறைய 35 கிலோஹேட்ஸ் உயரும். வெட்டுவது எளிது, ஒட்டுவது கடினம். ஆதலின் பொறுமை இங்கே பெரு மூலதனம்.

இக்கம்பியின் பெருஞ் சிறப்பு இனித்தான் வருகின்றது. 7 மெகாஹேட்சிலே அரை அலையாக நிற்கும் அதே கம்பி 14இலே ஒரு முழு அலையாகவும், 21இலே ஒன்றரை அலையாகவும், 28இலே இரண்டு அலைகளாகவும் நிற்கின்றது. எத்தனை அரை அலைகள் அடங்கினும் நுனியிலே அழுத்தம் உயர்ந்தே இருக்கும். எனவே ஒரே நிலைமாற்றி நான்கு அலைவரிசைகளுக்கும் பொருந்திவிடுகின்றது. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த சிறு பிள்ளையும் இதை விளங்கிக்கொள்ளும். நடுவில் ஊட்டும் இருமுனைக் கம்பிக்கு 14இலும் 28இலும் இவ்வசதி இல்லை.

வேறொரு வகையினர் 9 மடங்கு நிலைமாற்றியை வைத்து, எந்த அலைவரிசையிலும் அரை அலையாக அமைந்துவிடாத நீளத்தைத் தேர்ந்து கட்டுவர். அதற்கு இசைவிக்கும் கருவி வேறாக வேண்டும். காணியின் அமைப்பால் 20 மீற்றர் இழுக்க இயலாதவர்க்கு அம்முறை உதவும்.

திரும்பும் வழி

கழகத்து மாணவர் எழுப்பிய இன்னொரு ஐயமும் இங்கே சொல்லத்தக்கது. மின்சாரம் போனால் திரும்பி வர வழி வேண்டுமே. ஒற்றைக் கம்பியிலே திரும்பும் வழி எங்கே? திரும்பும் வழி இருந்தே தீரும். நாம் அதற்கு ஒரு வழியை வகுத்துக் கொடாவிடின், ஊட்டு வடத்தின் வெளிப்புறத்தையே அது வழியாகக் கொண்டு வீட்டுக்குள் வரும். அப்போது பேசுபவரின் உதட்டிலே ஒலிவாங்கி சுரீரென்று தைக்கும்; அயல்வீட்டு ஒலிபெருக்கியிலும் நம் குரல் கொரகொரக்கும். நிலைமாற்றியின் அடியிலே 2 மீற்றர் அளவான துணைக் கம்பியொன்றைக் கட்டிவிடுவதும், வீட்டுக்குள் நுழையும் முன் வடத்தைப் பெரைற்று வளையத்திலே பல சுற்றுச் சுற்றித் தடுப்பதும் இதற்கு மருந்துகள். ஒற்றைக் கம்பி என்று பெயர் பெற்றதும் உண்மையிலே ஒற்றையன்று. துணையின்றி எதுவும் இயங்காது என்னும் உலகியல் இங்கும் விளங்குகின்றது.

டைனமோ சுற்றிய காலம்

கணக்கு இவ்வளவில் நிற்க. கம்பியைக் கட்டுவதற்குக் கணக்கிலும் பெரிய தடையொன்று என் வீட்டிலே இருந்தது. அது என் தாயாரின் அச்சம்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிகளும் வடக்கே வரத் தடுக்கப்பட்டிருந்தன. நாட்டிலே என்ன நடக்கின்றது என்பதை அறிய வானொலி ஒன்றே கதி. அக்காலத்திற் சிறுவராயிருந்தோர் யாவரும் சைக்கிள் டைனமோவை மறந்திருக்கமாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையாலே மிதிகட்டையைச் சுற்ற, 6 வோல்ற்று டைனமோவின் மின்சாரத்திலே வானொலி பேசும். எங்கள் வீட்டிலே சுற்றுவது என் வேலை. கேட்பது ஐயாவின் வேலை. கை ஓய்ந்து வேகங் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓயும். ஐயா திரும்பிப் பார்ப்பார். இரவு ‘பி.பி.சி. தமிழோசை’ வரும் வேளையில் ஒழுங்கையிலுள்ள நாலைந்து வீட்டாரும் எங்கள் திண்ணையில் இருப்பர். சிற்றலை தெளிவாகக் கேட்பதற்காக ஐயா செப்புக் கம்பியொன்றின் நுனியை வானொலியின் ஏரியலிலே சுற்றி, மறுநுனியை அந்த மாமரத்திலே கட்டியிருந்தார். நுனியில் இணைத்த கம்பியின் முதற் பாடம் எனக்கு அதுவே. 2017 ஏப்ரலிலே அவ்வானொலிச் சேவை நிறுத்தப்பட்டது என்று அறிந்தபோது, உறவினர் ஒருவரை இழந்தாற்போல எங்கள் ஒழுங்கையிலே பலர் வருந்தினர்.

ஆனால் அம்மாவின் மனத்திலே அக்கம்பிக்கு வேறு பொருள் இருந்தது. கூரையிலிருந்து மரத்துக்குக் கம்பி போனால், அது கேட்கும் கம்பியா பேசும் கம்பியா என்று வழியிற் போகிறவருக்குத் தெரியாது. சந்தேகம் ஒன்றே ஒரு குடும்பத்தைக் குலைக்கப் போதுமான காலம் அது. செய்தி முடிந்ததும் அவர் இருட்டிலேயே சென்று கம்பியை அவிழ்த்துச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னாலே வைப்பார்.

போர் 2009இல் முடிந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும், நான் 20 மீற்றர் கம்பியோடு மாமரத்தடியில் நின்றதைக் கண்டபோது அவருடைய முகம் வெளிறியது. “தம்பி, உந்தக் கம்பி வேண்டாம் மோனை. ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்?” என்றார்.

“அம்மா, இது களவாய்ச் செய்யிற வேலையில்லை. சோதினை எழுதி, அரசாங்கத்திட்ட அனுமதி எடுத்துத்தான் கட்டிறன்,” என்று சொன்னேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழங்கிய அனுமதிப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கருவிக்கு மேலே மாட்டியும் வைத்தேன். அவர் அதை வாசித்தார். ஆயினும் அச்சம் பத்திரத்தாலே தீர்வதில்லை. பல நாள்கள் அவர் அவ்வறைக்குள் வரவேயில்லை.

அவர் மனம் இளகியதற்குக் காரணம் நான் சொன்ன எந்த நியாயமுமன்று. ஒரு நாள் காலையிலே 7 மெகாஹேட்சில் தமிழகத்து அன்பர் ஒருவரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். அன்று அவருடைய ஊரிலே விடாத மழை. அங்கிருந்து வந்த தமிழ்க் குரலைக் கேட்டு அம்மா கதவருகே வந்து நின்றார். உரையாடல் முடிந்ததும், “கடலுக்கு அங்கால இருந்தோ கதைக்கிறார்?” என்று கேட்டார். ஆம் என்றேன். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “அண்டைக்கு இது இருந்திருந்தால் அக்காவின்ர செய்தி முதல் நாளே கிடைச்சிருக்கும்,” என்றார்.

அவர் சொன்ன ‘அண்டை’ 2004 டிசம்பர் 26. என் பெரியம்மாவின் குடும்பம் அப்போது முல்லைத்தீவுக் கரையிலே வாழ்ந்தது. கடல் வந்து போன பின் மூன்று நாள்கள் ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா உண்ணவில்லை, படலையையே பார்த்தபடி இருந்தார். மூன்றாம் நாள் மாலை சைக்கிளிலே வந்த ஒருவர்தாம், பெரியம்மா உயிரோடிருப்பதையும் அவருடைய இளைய மகன் இல்லாதுபோனதையும் கூறினார். துக்கம் ஒருபுறமிருக்க, தெரியாமலே காத்திருந்த அந்த மூன்று நாள்களே அம்மாவை முதுமையாக்கின என்று நான் எண்ணுவதுண்டு.

அதே நாள்களில் வேறிடங்களிலே அமெச்சூர் வானொலியாளர் செய்த பணி வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. தொலைபேசி அறுந்துபோன அம்பாந்தோட்டையை இலங்கை வானொலியாளர் சிற்றலை வழியே கொழும்போடு இணைத்தனர். அந்தமான் தீவுகளிலே, அப்போது போர்ட் பிளேயரில் அமெச்சூர் நிலையமொன்றை இயக்கிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி, உறவினரின் நலமறியாது தவித்த எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்தி அனுப்பினார். கோபுரங்கள் சாய்ந்தாலும் வாகன பற்றரி ஒன்றும் கம்பி ஒன்றும் மரம் ஒன்றும் இருந்தால் இக்கலை உயிர்வாழும். 7 மெகாஹேட்ஸ் அலை வானத்திலே அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பிப் பகலிலே சில நூறு கிலோமீற்றருக்கும், இரவிலே ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கும் செல்லும். இடையிலே எந்த நிறுவனத்தின் உதவியும் வேண்டியதில்லை.

அன்று மாலை அம்மா மாமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “கம்பி கிடக்கட்டும். ஆனால் மழை இருட்டினால் கழட்டி வை,” என்று சொன்னார். அவர் தந்த அனுமதிப் பத்திரம் அது.

மாணவர்க்குச் சில வார்த்தைகள்

அம்மாவின் நிபந்தனை பௌதிகத்துக்கும் பொருந்தியதே. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் நாட்டிலே இடி மின்னல் மிகுதி. அக்காலங்களிலே கம்பியைக் கருவியினின்றும் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடவேண்டும். இரண்டாவதாக, மின்சாரசபைக் கம்பிகளுக்கு மேலாகவோ கீழாகவோ அண்மையாகவோ எக்காரணத்தாலும் ஏரியலைக் கட்டலாகாது. கை தவறி ஒரு முறை பட்டால் இரண்டாம் முறை இல்லை. மூன்றாவதாக, 100 வாற்றுச் சக்தியைச் செலுத்தும்போது 2450 ஓம் உள்ள நுனியிலே ஓட்டம் ஓர் அம்பியரில் ஐந்திலொன்றே. ஆனால் அழுத்தத்தின் உச்சம் ஏறக்குறைய 700 வோல்ற்று. ஆகவே இரு நுனிகளும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். நான்காவதாக, அனுமதியின்றி ஒரு சொல்லையேனும் வானிலே செலுத்துவது குற்றம். வாணிகம், அரசியல், சமயச் சண்டை ஆகியவற்றை அங்கே பேசுவது வானொலியாளரின் மரபுமன்று.

இவற்றைக் கேட்டு மனம் தளரவேண்டியதில்லை. பேசுவதற்கு முன் கேட்கப் பழகுங்கள். பழைய சிற்றலை வானொலியொன்றிலே பத்து மீற்றர் கம்பியை இணைத்து மாலை வேளையிலே கேட்டுப் பாருங்கள். நிலைமாற்றியைச் செய்யப் பெருஞ் செலவில்லை: வளையம் ஒன்று, எனாமல் பூசிய செப்புக் கம்பி சிறிது, முதற் சுருளின் குறுக்கே உயர் அழுத்தந் தாங்கும் 100 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்று. செய்ததைக் கம்பியில்லாமலே பரீட்சிக்கலாம். 2200 ஓம், 270 ஓம் தடைகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 2470 ஓம் வரும். அதைக் கம்பியின் இடத்திலே பொருத்தி அளவுமானியைப் பாருங்கள். மறுபக்கம் 50 ஓமை அண்மித்து நின்றால் உங்கள் கை செய்த வேலை நல்ல வேலை. எங்கள் கழகத்திலே ஆறு பேர் இவ்வாறு செய்தனர். அவர்களுள் ஒருத்தி சுற்றிய நிலைமாற்றியே இன்று என் கூரையோரத்துப் பெட்டியில் இருக்கின்றது. நான் முன்பு விலைக்கு வாங்கியதைவிட அது நன்றாக வேலை செய்கின்றது.

விலை கொடுத்து வாங்கிய கருவி பழுதுபட்டால் நாம் கடைக்காரரை நாடுகிறோம். நம் கையாற் செய்தது பழுதுபட்டால் நம் அறிவை நாடுகிறோம். இவ்வேறுபாடு ஒரு மாணவனின் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் வேறுபாடு. அறிவுள்ள ஒருவன் ஒவ்வோர் ஊரிலும் இருந்து, கடல் பொங்கும் நாளிலும் புயல் வீசும் நாளிலும் மரத்திலே கம்பி கட்டி, “இன்னார் நலமாயிருக்கிறார்” என்ற மூன்று சொற்களை அனுப்பவல்லவனாயின், படலையைப் பார்த்திருக்கும் தாய்மார்க்கு அதனினும் பெரிய உதவி வேறு யாதுளது?